துக்கத் துணைப்பணிக்கு மென்பொருள் தெரிவு செய்தல்

நோயாளி ஒருவர் காலமானதும் மருத்துவமனை ஏட்டில் அவருடைய பக்கம் முடிவடைகிறது. ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு நிலையத்தின் ஏட்டிலோ அன்றைய தினமே மற்றொரு பக்கம் திறக்கப்படுதல் வேண்டும். இறந்தவரை இழந்து நிற்கும் குடும்பத்தாரையும் பராமரிப்பின் எல்லைக்குள் கொள்வது இத்துறையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. 1967-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். மனநோய் மருத்துவரான காலின் மரே பார்க்ஸ் அங்கே தொண்டர்களைக் கொண்டு துக்கத் துணைப்பணி ஒன்றை அமைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் குடும்பத்தாரின் துக்க காலத்தைச் சேர்த்தே கூறுகிறது. நம் நாட்டில் 1986-இல் பம்பாய் பாந்திராவில் சாந்தி அவேத்னா சதனும், 1993-இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கமும் தோன்றிய பின்னர் இப்பணி பல நகரங்களுக்கும் பரவியது.

இப்பணிக்குக் கணினி மென்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சிறியதொரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழுவின் பராமரிப்பில் மாதந்தோறும் 10 பேர் காலமாகின்றனர் என்றும், ஒவ்வொரு மரணத்திற்கும் நால்வர் துக்கத்திலிருக்கின்றனர் என்றும், ஒவ்வொருவரையும் ஓராண்டில் ஐந்து முறை நேரிலோ தொலைபேசியிலோ காண வேண்டும் என்றும் கொண்டால், ஆண்டுக்கு 2,400 தொடர்புகள் ஆகின்றன. மாதத்திற்கு 200, வேலை நாள் ஒன்றுக்கு எட்டு. இவற்றை நோட்டுப் புத்தகத்திலும் ஊழியரின் நினைவிலும் மட்டும் வைத்திருந்தால் சில விடுபட்டுப் போதல் திண்ணம். அவ்வாறு விடுபடுவோர் பெரும்பாலும் தாமாக முன்வந்து உதவி கேளாதவர்களாகவே இருப்பர்.

ஆனால் சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களுள் பல அமெரிக்க நாட்டின் தேவைக்காக எழுதப்பட்டவை. அந்நாட்டின் மெடிகேர் விதிகளின்படி, நோயாளி இறந்தபின் ஓராண்டு வரை குடும்பத்தாருக்குத் துக்க ஆலோசனை அளிப்பது ஹாஸ்பிஸின் கடமையாகும். ஆகையால் அங்குள்ள நிலையங்களுள் பல 13 மாதத் திட்டம் ஒன்றைக் கடைப்பிடிக்கின்றன. மரணத் தேதியைப் பதிந்ததும், இன்ன மாதத்தில் கடிதம், இன்ன மாதத்தில் தொலைபேசி அழைப்பு என்று மென்பொருள் தானாகவே பட்டியலிட்டுவிடும். பார்ப்பதற்கு மிக்க வசதியாகவே தோன்றும் இத்திட்டத்தை நம் நாட்டு வீதி ஒன்றில் வைத்துச் சோதிப்போம்.

கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பாலிகஞ்ச் வட்டாரத்தில், வீடுதோறும் சென்று பராமரிப்பளிக்கும் குழு ஒன்று பணிபுரிவதாகக் கற்பனை செய்துகொள்க. கரியாஹாட் கடைவீதியையும் கோல்பார்க்கையும் சூழ்ந்துள்ள தெருக்களில் முதிய தம்பதிகள் மட்டுமே வாழும் வீடுகள் பல. மக்கள் பெங்களூரிலோ கடல் கடந்தோ இருப்பர். தனித்து வாழும் முதியோரைத் தொடர்பில் வைத்திருப்பதற்காகக் கல்கத்தாக் காவல் துறை 2009-ஆம் ஆண்டில் ‘பிரணாம்’ என்னும் திட்டத்தையே தொடங்கியது. இத்தகைய வீடுகளில் நோயாளியை இரவும் பகலும் தூக்கிக் கிடத்தி, உடல் துடைத்து, கஞ்சி ஊட்டுபவர் பெரும்பாலும் ‘ஆயா’ என்று அழைக்கப்படும் பணிப்பெண்ணே. கானிங், லட்சுமிகாந்தபூர் மார்க்கங்களிலிருந்து உள்ளூர் ரயிலேறி வந்து பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

அவ்வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகிறார் என்க. துக்கத்திலிருப்போர் யாவர்? மனைவி, வெளிநாட்டிலுள்ள மகன், நகரின் மற்றொரு பகுதியில் மணமாகி வாழும் மகள், ஈராண்டுகள் அவரைப் பேணிய ஆயா. ஆயாவுக்கு அன்றே வேலையும் போய்விடுகிறது. மென்பொருளின் ‘உறவு முறை’ப் பட்டியலில் கணவன், மனைவி, மகன், மகள், பெற்றோர் ஆகியோர் மட்டுமே இருந்தால் அப்பெண்ணைப் பதிவு செய்ய இடமே இராது, பதிவில் இல்லாதவரை எவரும் தொலைபேசியில் அழைக்கப் போவதுமில்லை. ஆதலின் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: ஒரு மரணத்தின்கீழ் எத்தனை பேரை வேண்டுமாயினும் சேர்க்க இயலுமா? ஒவ்வொருவருக்கும் உறவை நம் சொற்களிலேயே எழுதிக்கொள்ள இயலுமா? நோயாளியின் பதிவுக்குள் ‘உறவினர் பெயர்’ என்று ஒரே கட்டத்தை மட்டும் வைத்திருக்கும் மென்பொருள் எத்துணை அழகாக அமைந்திருப்பினும் இப்பணிக்குப் பயன்படாது.

இனித் தேதிகளுக்கு வருவோம். இப்பாடத்தின் கடினமான பகுதி இதுவே. வங்காள இந்துக்களிடையே சிராத்தம் நிகழும் நாள், குலவழக்கத்தைப் பொறுத்து 11-ஆம் நாள் முதல் 31-ஆம் நாள் வரை வேறுபடும். மணமான மகளோ மரபின்படி நான்காம் நாளிலேயே தன் கடனை முடித்துவிடுவாள். ஆக, ஒரே மரணத்திற்கு ஒரே குடும்பத்தில் இருவேறு நாட்கள் அமைகின்றன. பார்க் சர்க்கஸ் பக்கமுள்ள முஸ்லிம் குடும்பங்களில் 40-ஆம் நாள் முக்கியமானது. கணவனை இழந்தவர் நான்கு சந்திர மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார். கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைக்குச் செல்வர். ராஷ்பிகாரி அவென்யூவில் லேக் மார்க்கெட்டை ஒட்டி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றிற்கு மாதந்தோறும் மாசிகம் உண்டு.

ஆண்டு நினைவு நாள் இன்னும் சிக்கலானது. திதியைக் கொண்டு கணிக்கப்படும் நாள், ஆங்கிலத் தேதியோடு ஒத்துச் செல்லாது. சந்திர மாதம் ஏறத்தாழ 29½ நாட்கள் கொண்டது. பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாட்களே ஆகின்றன. குறையும் 11 நாட்களை ஈடு செய்வதற்காக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கொரு முறை அதிக மாதம் ஒன்று சேர்க்கப்படுகிறது. வங்காளிகள் இதனை ‘மல மாசம்’ என்பர். மகாளய அமாவாசையையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் அது செப்டம்பர் 25-ஆம் தேதி வந்தது. 2023-இல் அதிக மாதம் இடையிட்டமையால் அக்டோபர் 14-க்குத் தள்ளிப் போயிற்று. அதாவது 384 நாட்கள் கழித்து. 2024-இல் அக்டோபர் 2. 2025-இல் செப்டம்பர் 21. இவ்விரண்டும் 354 நாட்கள் இடைவெளியில் அமைந்தவை. (ஆசிரியர்கள் இந்நான்கு தேதிகளையும் கரும்பலகையில் எழுதி, இடையிலுள்ள நாட்களை மாணவர்களைக் கொண்டே எண்ணச் செய்யலாம், சூரிய, சந்திரக் கணக்குகளின் வேறுபாட்டை விளக்க இதனினும் எளிய வழி இல்லை.)

2022 மகாளயத்தன்று கணவனை இழந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மென்பொருள் 2023 செப்டம்பர் 25 அன்று ஊழியரை அழைக்கச் சொல்லும். அம்மூதாட்டிக்கோ அந்நாள் பிற நாட்களைப் போன்றதே. அக்டோபர் 14-ஆம் தேதி, வீட்டில் புரோகிதர் வந்து சென்றபின் தனியே அமர்ந்திருக்கும் மாலை வேளையில், ஊழியரின் பட்டியலில் அவர் பெயர் இராது. 19 நாட்களுக்கு முன்பே ‘பணி முடிந்தது’ என்று குறிக்கப்பட்டிருக்கும்.

அவ்வாறாயின் மென்பொருளுக்கே திதியைக் கணிக்கக் கற்பித்துவிடலாமே என்று தோன்றும். இதில் அவசரம் கூடாது. திதி என்பது நாளின் எந்நேரத்திலும் மாறக்கூடியது; ஒரே நாளில் காலையில் இறந்தவருக்கும் இரவில் இறந்தவருக்கும் வெவ்வேறு திதி அமையலாம். ஆகவே மரணத் தேதியுடன் நேரமும் பதிவு செய்யப்படுதல் அவசியம். மேலும், வாக்கியம், திருக்கணிதம் என்று நம்மிடையே இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவது போலவே வங்காளத்திலும் பழைய சித்தாந்தத்தைப் பின்பற்றும் குப்தா பிரஸ் பஞ்சிகை ஒருபுறமும், வானியல் கணிப்பைப் பின்பற்றும் விசுத்த சித்தாந்தப் பஞ்சிகை மறுபுறமும் வழக்கிலுள்ளன. இவ்வேறுபாடுகளை நீக்கும் பொருட்டே மேகநாத் சாகாவின் தலைமையில் 1952-ஆம் ஆண்டில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தாவிலுள்ள நிலை வானியல் மையம் தயாரிக்கும் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தமிழிலும் வெளிவருகிறது. இருப்பினும் துக்க வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவர் அவ்வீட்டாரே. எனவே இக்கட்டுரையாளரின் கருத்து இதுதான்: நாளை மென்பொருள் கணிக்க வேண்டாம், ஊழியர் குடும்பத்தாரிடம் கேட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய நாளை ஆண்டுதோறும் பதிந்துகொள்ள வேண்டும். மென்பொருளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அத்தேதிகளை மாற்றவும் சேர்க்கவும் இடம் தருவதே. நிலையான அட்டவணையைக் கலைக்கவொட்டாத மென்பொருளை விலக்கிவிடுக.

அடுத்து ஒரு சிறு சோதனை. மாதிரி நோயாளி ஒருவரைப் பதிந்து, அவருக்கு மருந்து நினைவூட்டல், அடுத்த வருகைச் செய்தி ஆகியவற்றை ஏற்பாடு செய்தபின் அவர் இறந்ததாகக் குறிக்கவும். நிலுவையிலுள்ள செய்திகள் யாவும் அக்கணமே நின்றுவிட்டனவா என்று பார்க்கவும். பெரியவரின் கைப்பேசியை இப்போது வைத்திருப்பவர் அவர் மனைவி. “நாளை தங்கள் வலி மாத்திரைக்கான பரிசோதனை நாள்” என்ற செய்தி அவர் கைக்கு வருமாயின் அதுவரை அக்குழு ஈட்டிய நன்மதிப்பு முழுவதும் ஒரு நொடியில் அழியும். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை நம் நாட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதும், அதனால் செய்திகள் ஒரே அச்சில் வார்த்தவையாக அமைந்துவிடுவதும் மற்றொரு குறை. இரங்கல் செய்தியைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதை விட, ஊழியர் அழைப்பதே தக்கது.

சில மென்பொருள்கள் வினாத்தாள் ஒன்றைக் கொண்டு துக்கத்தின் கடுமைக்கு மதிப்பெண் இட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுகின்றன. நீடித்த துக்கக் கோளாறு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய்ப் பட்டியல் குறைந்தது ஆறு மாத காலத்தையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கையேடு பெரியோர்க்கு 12 மாத காலத்தையும் எல்லையாகக் கூறுகின்றன. முதல் மாதத்திலேயே சிவப்பு நிறம் காட்டும் கருவி இவ்விரண்டிற்கும் பொருந்தாது என்பதை எவரும் உணரலாம். நிறத்தைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டதாக ஊழியர் பதிந்தால், அச்செய்தி அன்றே பொறுப்பான மருத்துவரைச் சென்றடைய வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணாகிய 14416 பதிவுத் திரையிலேயே தென்படுமாறு செய்தல் நலம்.

இரகசியம் காத்தல் பற்றியும் கூற வேண்டும். துக்கத்திலிருப்பவர் நோயாளி அல்லர். நோயாளி அளித்த சம்மதம் அவரைக் கட்டுப்படுத்தாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கை ஒட்டி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் பெற்று, அதனைப் பதிந்து, அவர் விரும்பினால் திரும்பப் பெற வழி வைத்தல் முறை. மருமகள் ஊழியரிடம் சொன்னதை மாமியார் பதிவைத் திறப்பவர் படிக்க நேரலாகாது. பதிவுகள் ஒருவருக்கொருவர் மறைவாக நிற்குமா என்பதை விற்பனையாளரின் சொல்லை நம்பாமல் செய்து பார்த்தே அறிதல் வேண்டும்.

எவற்றுள் தெரிவு செய்வது? உரிமக் கட்டணமின்றிக் கிடைப்பவை சில உள்ளன. 2004-இல் தோன்றிய ஓப்பன் எம்.ஆர்.எஸ்., அதன்மீது கட்டப்பட்டு சத்தீஸ்கரின் கனியாரி கிராம மருத்துவமனையில் பயன்பட்டு வளர்ந்த பஹ்ம்னி ஆகிய இரண்டும் நோயாளியை மையமாகக் கொண்டவை. மருத்துவமனைப் பதிவும் சேர்ந்து வேண்டுவோர்க்குத் தகும். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.ஹெச்.ஐ.எஸ். 2, கைப்பேசியில் இயங்கும் காம்கேர் ஆகியவற்றில் ஒரு மரணத்தின்கீழ்ப் பலரை இணைத்து அமைக்கலாம். கானிங்குக்கு அப்பால் ஆயாவின் ஊரில் இணைப்பு இல்லாவிடினும் பதிந்துகொண்டு பின்னர் அனுப்பலாம். ஆயினும் இவற்றை அமைத்துப் பேணுவதற்கு அறிந்தவர் ஒருவர் வேண்டும். கட்டணமில்லை என்பது செலவில்லை என்று பொருள்படாது. மாதம் இரண்டு மூன்று மரணங்களே நேரும் சிறு குழுவுக்குக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட விரிதாளும் சுவரில் ஒரு பஞ்சாங்கமும் போதும் என்றே சொல்வேன்.

வாங்குமுன் ஒரு மாத காலம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து மூன்று மரணங்களைப் பெயர் மாற்றி எடுத்து, வங்காள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பெயர்களைப் பதிந்து, குடும்பத்தார் அனைவரையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் உரிய நாட்களை இட்டபின், களப்பணியாளர் ஒருவரிடம் “இவ்வாரம் யாரை அழைக்க வேண்டும்?” என்று கேட்கவும். ஆயாவின் பெயர் அவர் திரையில் வர வேண்டும். பின்னர் பதிவுகள் முழுவதையும் வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லும்படி விற்பனையாளரைக் கேட்கவும். இவ்விரண்டையும் கண்ணால் கண்டபின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.