ஆழ்கடலுக்கும் அளவு உண்டு



கடலோரம் இல்லாத ஊரில் வாழ்வோருக்கு ஆழ்கடல் மீன்பிடிப்பு தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், கிணறு வற்றியதும் ஆழ்துளைக் கிணறு போட்டு, அதுவும் வற்றியதும் இன்னும் ஆழமாகத் துளையிட நேரும் வறண்ட நிலத்து மக்களுக்கு அதன் அடிப்படைச் சிக்கல் எளிதில் விளங்கும்: மேலிருந்தது தீர்ந்ததால் கீழே செல்வோர், கீழிருப்பது எவ்வளவு காலத்தில் மீண்டும் ஊறும் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

தமிழகத்தில் இக்கேள்வி பாக் நீரிணையில் எழுந்தது. ஆழம் குறைந்த அக்கடலில், அடித்தரையை வாரிச் செல்லும் பை வடிவ வலையான இழுவைமடியைக் கொண்ட விசைப்படகுகள் பெருகியதால், விற்பனைக்குரிய மீன்களோடு குஞ்சுகளும் சிக்கின, கடற்புல் படுகைகளும் சிதைந்தன. மீன் தேடி எல்லை கடந்த படகுகளால் இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர்கள் தம் வலைகளையும் வருவாயையும் இழந்தனர். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் மத்திய, மாநில அரசுகள், 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் மற்றும் செவுள் வலைப் படகுகளை வழங்கத் திட்டமிட்டன. ஒரு படகின் மதிப்பான 80 லட்சம் ரூபாயில் 50 விழுக்காட்டை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க, எஞ்சியது மீனவரின் பங்காகவும் வங்கிக் கடனாகவும் வகுக்கப்பட்டது.

கடல் தரையைச் சிதைக்கும் வலையை விலக்க முயன்ற அளவில் இத்திட்டம் வரவேற்கத்தக்கது. எனினும் ஆழ்கடல் வற்றாத களஞ்சியம் அன்று. ஒளி புகாத, குளிர்ந்த, இரை அரிதான ஆழத்தில் வாழும் பல உயிரினங்கள் மெதுவாக வளர்ந்து, தாமதமாகப் பருவமடைந்து, மிகச் சில குட்டிகளையே ஈனுகின்றன. ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் ஆழ்கடல் சுறாக்கள் இத்தகையவை. மாலத்தீவில் 1980களில் வளர்ந்த அச்சுறா வேட்டை, சில பத்தாண்டுகளுக்குள் அவற்றை அருகச் செய்தது. 2010இல் அந்நாடு சுறா பிடிப்பதையே தடை செய்தது.

இந்தியாவில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள மீன்பிடிப்பை மாநில அரசும், அதற்கப்பால் 200 கடல் மைல் வரையுள்ள தனிப் பொருளாதார மண்டலத்தை மத்திய அரசும் நெறிப்படுத்துகின்றன; ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடைக்காலம், விரைந்து பெருகும் மீன்களுக்குத் துணை செய்யும். பல ஆண்டுகள் கழித்தே ஈனும் சுறாவுக்கு அது போதாது. நாட்டெல்லைகளைக் கடந்து திரியும் சூரைக்கோ ஒரு நாட்டின் சட்டம் போதாது என்பதால், இந்தியாவும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம், மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாக 2015இல் கண்டறியப்பட்டபின், 2016இல் பிடிப்பைக் குறைக்கும் இடைக்கால மீட்புத் திட்டத்தை வகுத்தது.

கடன்பட்டு வாங்கிய படகைக் கரையில் நிறுத்தி வைக்க எந்த மீனவராலும் இயலாது. மீன் குறைந்தாலும் தவணை குறைவதில்லை. ஆகவே எத்தனை படகுகள் செல்லலாம், எந்த இனத்தை எவ்வளவு பிடிக்கலாம் என்னும் வரம்பு, படகு கட்டிய பிறகு அன்று, அதற்கு முன்பே மீனவர்களோடு கலந்து வகுக்கப்பட வேண்டும். கடலையும் அதை நம்பியுள்ள குடும்பங்களையும் ஒருசேரக் காக்கும் வழி அதுவே.