அப்பாவின் பொத்தானை அவரே போடட்டும்

மூளை அறுவைச் சிகிச்சை முடிந்து, ஒரு கை பலவீனமான நிலையில் அப்பா வீடு திரும்பியதும் ஊட்டிவிடுவது, பொத்தான் போட்டுவிடுவது என எல்லாவற்றையும் குடும்பமே செய்துவிடுகிறது. பாசம்தான், ஆனால் வேலை இல்லாத கை மேலும் பின்வாங்கும். பக்கவாதம் வந்தவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை இரண்டு வாரம் வேலை வாங்கிய அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. அந்தக் கை தேறியது. பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. அறுவைச் சிகிச்சையும் பக்கவாதமும் ஒன்றல்ல, உறை வைத்தியத்தை வீட்டில் தாமாகச் செய்யவும் கூடாது. ஆனாலும் பழகப் பழகத்தான் மூளை மீண்டும் கற்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம். அதற்காகப் படுக்கையிலேயே வைக்க வேண்டியதில்லை. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, பலவீனமான பக்கத்தில் ஓர் ஆள் போதும். பெங்களூரு பொம்மனஹள்ளியின் மாடி வீடுகளில் படியேறுவதை மட்டும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும்வரை தள்ளிவைக்கலாம். சீக்கிரம் களைப்பது சோம்பல் அல்ல. காலையில் பயிற்சி, மதியம் ஓய்வு. வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. தலைவலி கூடி வாந்தி, காய்ச்சல், தையலில் கசிவு, வலிப்பு, புதிதாகச் சோர்ந்து தூங்குவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைதான். நிம்ஹான்ஸ் மருத்துவமனை பொம்மனஹள்ளி வழியே போகும் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஆனால் மாலையில் வழியிலுள்ள சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை நம்ப முடியாது, 108 ஆம்புலன்ஸை முதலிலேயே அழையுங்கள்.