வந்ததை அப்படியே அனுப்பினேன், சார்!

முத்துக்கடை டீக்கடைக்காரர் முதல் சிப்காட் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் வரை எல்லோரும் எனக்குச் சட்டம் சொல்லித் தருகிறார்கள். பாடம் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். தலையில் 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போலீஸ் தொட முடியாது. வம்பு வந்தால் மாட்டுவது குரூப் அட்மின்தான். இருபது வருடமாக வாலாஜா கோர்ட்டு வாசலில் தேய்கிறேன். இந்தச் சட்டத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

போன மாதம் இரண்டு பேர் சேர்ந்தே வந்தார்கள். ஒரு டேனரியின் ஷிப்ட் குரூப்பில், வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று யாரோ பேசிய குரல் பதிவு. அதை அனுப்பிய தம்பி நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அட்மினுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. "குரூப்பையே கலைச்சிடட்டுமா சார்?" என்றார். தம்பி சிரித்தார்: "நான் எழுதலையே சார், வந்ததை அப்படியே அனுப்பினேன்."

நடுங்க வேண்டியவர் முறுக்கு தின்கிறார், நடுங்க வேண்டாதவர் நடுங்குகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

தம்பிக்கு முதலில். வதந்தியால் பீதி கிளப்புவது பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா 353-ஆம் பிரிவு எழுதியவரை மட்டும் சொல்லவில்லை. வெளியிடுகிறவர், பரப்புகிறவர் என்று மூவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. மூன்று ஆண்டு வரை சிறை. புதிதாக வந்ததும் இல்லை, பழைய தண்டனைச் சட்டத்தின் 505-ஆம் பிரிவிலேயே இருந்ததுதான். ஒரு விலக்கு உண்டு: உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணமில்லாமல் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டும். 'வந்ததை அப்படியே அனுப்புகிறேன்' என்றால் என்ன அர்த்தம்? நான் விசாரிக்கவில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பது! கவசம் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். அரசு வக்கீலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கைவிட என்ன உதாரணம் வேண்டும்? 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை அவர் முகநூலில் பகிர்ந்தார். எழுதியவர் அவரில்லை. படிக்காமல் பகிர்ந்தேன் என்றார், சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். மே மாதம் முன்ஜாமீனை மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சொன்னது. 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்யக் கேட்டபோது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அம்பை உவமை சொன்னார்: கையில் இருக்கிறவரை உன் கட்டுப்பாடு, வில்லை விட்டுப் போனபின் விளைவு உன் தலையில். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்த 2018 மே மாதத்தை நம் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, போளூர் பக்கம் அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் வதந்திதான் அந்தக் கைகளுக்குத் தடி கொடுத்தது. அனுப்பியவர்கள் எல்லோரும் 'வந்ததை அப்படியே' அனுப்பியவர்கள்தான். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு ஒரே ஷெட்டில் தோல் தூக்குகிறவன் காதிலும் இந்தக் குரல் பதிவு விழுகிறது. முறுக்கு இறங்குமா தம்பி?

இனி அட்மின். கரூரில் ஒரு வழக்கறிஞர் நடத்திய குரூப்பில் வேறொருவர் போட்ட பதிவுக்காக அவர்மீதும் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார்: அவர் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால், இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும். அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னதும் இதுதான். அட்மினுக்கு ஆள் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. அடுத்தவர் என்ன அனுப்புவார் என்று முன்கூட்டி அறியும் ஞானதிருஷ்டி இல்லை. தானும் அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டாலோ, கூட்டுச் சேர்ந்தாலோ கதை வேறு.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. மூன்று சிவப்பு டிக் விழுந்தால் அரசாங்கம் படித்துவிட்டது என்கிறார்களே, அப்படி ஒரு டிக்கே கிடையாது. யார் முதலில் அனுப்பினார் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாமா என்ற சண்டை மட்டும் உண்மை. அது 2018-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரிதானது. சமூக ஊடகக் கணக்கை ஆதாரோடு இணைக்கக் கேட்டு வந்த மனு அந்தக் கேள்விக்குத் திரும்பி, 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் அதுவே ஒரு விதியாகி, வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

போலீஸ் நினைத்தால் போனை ஒட்டுக்கேட்கலாமா? 2025 ஜூலையில் ஒரு லஞ்ச வழக்கின் ஒட்டுக்கேட்பு ஆணையையே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு வேண்டும். குற்றம் துப்பறிவது அதற்குள் வராது என்றது. டிக்டாக்கை மதுரைக் கிளை மூடியது என்பார்கள்: 2019 ஏப்ரல் 3-இல் தடை, 24-இல் விலக்கல். 2020-இல் மூடியது மத்திய அரசு. கல்யாண ஊர்வலத்தில் இளையராஜா பாட்டு போட்டால் நோட்டீஸ் வருமா? பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தந்திருக்கிறது. அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

இத்தனை புரளிக்கும் ஒரு காரணம், தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கிறது, புரளி தமிழில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 348(2) வழியாக ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களுக்குள் இந்தி நுழைந்தது. தமிழுக்கும் அதே இடம் கேட்டு 2006-இல் நம் சட்டமன்றம் போட்ட தீர்மானத்தை டெல்லி ஏற்கவில்லை. டேனரித் தொழிலாளி தன் தலையில் விழப்போகும் சட்டத்தைத் தன் மொழியில் படிக்கக் கூடாதா?

நானே கரூர் உத்தரவின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அட்மின் மூன்று வாங்கிப் போனார். தம்பி, இதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடலாமா என்று கேட்டார். முதலில் படி என்றேன்.