குதிரை கடக்கும் சாலை: சிற்றூர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் ரிவர்சைடு கவுண்டியில் நார்கோ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1964-ல் தனி நகரமானது. மக்கள்தொகை சுமார் 26,000. அங்கே பெரும்பாலான தெருக்களில் நடைபாதை கிடையாது. அந்த இடத்தில் வேலி போட்ட குதிரைத் தடம் ஓடுகிறது. கடை வாசல்களில் குதிரை கட்டுவதற்கென்று கம்பங்கள் நிற்கின்றன. சிக்னல் கம்பத்தில் நடப்பவர் அழுத்த ஒரு பட்டன், அதற்கு மேலே குதிரைமேல் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொன்று.

நார்கோ அளவுக்கு எல்லா ஊர்களும் வசதி செய்து வைத்திருப்பதில்லை. லாயங்கள் பத்திருபது, மண் தடம் ஒன்று, அதை வெட்டிக்கொண்டு போகும் ஒரு வேகச் சாலை, வெளுத்துப்போன ஒரு பலகை: சிறிய குதிரை ஊர்கள் பலவற்றின் நிலை இதுதான். அப்படியொரு ஊருக்கு நாம் குடிவந்திருக்கிறோம், இந்தச் சாலைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலிருந்து கடைசி வரை சேர்ந்தே போகலாம். கலிபோர்னிய நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் அலுவலகங்களின் பெயர் மாறும்; வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

முதலில் குதிரையைப் புரிந்துகொள்வோம்

சாலைப் பொறியாளர்களில் பலர் குதிரையேறியதில்லை. அதனால் குதிரையைப் பற்றி விளக்கும் பொறுப்பு நம்முடையது.

குதிரை ஓடித் தப்பிக்கும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். மூக்குக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்ப்பின்னும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து திடீரென்று வரும் வண்டிதான் அதை அதிகம் மிரட்டுகிறது.

அடுத்தது நீளம். மூக்கிலிருந்து வால் வரை சுமார் எட்டு அடி. சவாரி செய்பவரின் கண்ணுக்கு நாலைந்து அடி முன்னால் குதிரையின் மூக்கு இருக்கிறது. புதர் மறைக்கும் ஓரத்தில், வண்டி வருகிறதா என்று அவர் எட்டிப் பார்ப்பதற்குள் குதிரையின் தலை சாலைக்குள் போயிருக்கும். கூட்டத்தில் பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

சாலை யாருடையது?

மனு எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்வோம். நகரச் சாலை என்றால் நகரப் பொதுப்பணித் துறை. நகர எல்லைக்கு வெளியே என்றால் கவுண்டி. மாநில நெடுஞ்சாலை என்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ். அங்கே ஒரு கம்பம் நடுவதற்கும் தனி அனுமதி வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் தனியார் சாலை என்றால் சங்கத்தின் நிர்வாகக் குழு.

ஒரே கிராசிங்கில் தடம் நகரத்துக்கும் சாலை மாநிலத்துக்கும் சொந்தமாக இருப்பதும் உண்டு. பொதுப்பணித் துறை கவுன்ட்டரில் கேட்டால் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்; மறுப்புக் கடிதம்கூட வராது.

என்ன திரட்டுவது?

ஊர் வரைபடத்தை அச்செடுத்து, தடம் சாலையைக் கடக்கும் எல்லா இடங்களையும் குறிப்போம். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் போய் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்வோம்: வேக வரம்பு, எத்தனை லேன், இருக்கும் பலகையின் நிலை, எந்தப் பக்கம் எது பார்வையை மறைக்கிறது. குதிரையோடும் ஒருமுறை, காரோடும் ஒருமுறை போவது நல்லது. பலகையைக் குதிரைக்காரரும் ஓட்டுநரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

அடுத்து எண்ணிக்கை. சனிக்கிழமை காலையும் ஒரு வேலைநாள் மாலையும் இரண்டு மணி நேரம் நின்று, கடக்கும் குதிரைகளையும் வண்டிகளையும் எண்ணுவோம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தேதி, நேரம், இடத்தோடு ஒரு பொது நோட்டில் பதிவதும் முக்கியம். விபத்து நடந்தால் காவல்துறைப் பதிவு இருக்கும். நடக்காமல் தப்பியதற்கு நம் நோட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி இப்படிப்பட்ட சம்பவங்களைப் பதிய ஒரு செயலியே வைத்திருக்கிறது. நமக்கு ஒரு விரிதாள் போதும்.

கிராசிங்குக்கு எந்த இடம்?

என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தீர்கிறது. ஓட்டுநருக்குப் பார்த்து, யோசித்து, பிரேக் போட்டு நிற்க இவ்வளவு தூரம் வேண்டும் என்று அமெரிக்கச் சாலை வடிவமைப்பில் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 30 மைல் வேகத்துக்கு 200 அடி, 40 மைலுக்கு 305 அடி, 50 மைலுக்கு 425 அடி. நம் கிராசிங்கில் நின்று இரு பக்கமும் அந்தத் தூரம் தெரிகிறதா என்று அளக்கும் சக்கரத்தை உருட்டிப் பார்ப்போம்.

தெரியவில்லை என்றால் முதல் கோரிக்கை புதரை வெட்டுவது. வளைவோ மேடோ மறைத்தால், கிராசிங்கையே கொஞ்சம் தள்ளி நேரான பகுதிக்குக் கொண்டுபோவது. பலகை கேட்பது இவற்றுக்குப் பிறகுதான். பார்வைத் தூரம் இல்லாத இடத்தில் எத்தனை பலகை நட்டாலும் குதிரைக்குப் பாதுகாப்பு வராது. ஊருக்கு வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி மட்டும் வந்துவிடும். அந்த நிம்மதி ஆபத்தானது.

எந்தப் பலகை, எங்கே?

அமெரிக்கச் சாலைப் பலகைகளுக்கெல்லாம் எம்யூடிசிடி என்ற தேசியக் கையேடுதான் அடிப்படை. அதன் பதினோராம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. கலிபோர்னியா அதைத் தன் மாற்றங்களோடு பின்பற்றுகிறது. நாம் கேட்க வேண்டியது டபிள்யூ11-7: மஞ்சள் வைர வடிவத்தில் கறுப்பு நிறக் குதிரையும் சவாரி செய்பவரும். மனுவில் இந்த எண்ணையே எழுதினால் பொறியாளரின் வேலை எளிதாகும்.

கடக்கும் இடத்தில் ஒன்று, அதன் கீழே சாய்ந்த அம்புக்குறி. அதற்கு முன்னால், ஓட்டுநர் வரும் பக்கம் இன்னொன்று, அதன் கீழே ‘முன்னால்’ என்ற துணைப்பலகை. எவ்வளவு முன்னால் என்பது வேகத்தைப் பொறுத்தது: 45 மைல் சாலையில் ஏறத்தாழ 175 அடி, 55 மைல் சாலையில் 325 அடி. இரண்டு திசைக்கும் சேர்த்து நான்கு பலகைகள்.

தடத்தின் மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடப்பவருக்கு ஏழு அடி இடைவெளி போதும். குதிரைமேல் இருப்பவருக்குப் பத்து அடி வேண்டும். மரக்கிளைக்கும் இதே அளவுதான்.

ஊர் முழுக்கப் பலகை வைக்கக் கேட்காதீர்கள். குதிரையே வராத தெருவில் குதிரைப் பலகையைத் தினமும் பார்க்கும் ஓட்டுநர், குதிரை வரும் தெருவிலும் அதைக் கவனிக்க மாட்டார். நம் எண்ணிக்கையில் முதல் மூன்று இடத்தில் வந்த கிராசிங்குகளோடு தொடங்குவோம்.

கிராசிங் எப்படி இருக்க வேண்டும்?

பட்டனிலிருந்து தொடங்கலாம். சாதாரண பட்டன் நடப்பவரின் இடுப்பளவு உயரத்தில் இருக்கும். அதை அழுத்த, சவாரி செய்பவர் ஒரு கையில் கடிவாளத்தைத் தளர்த்தி, ஒரு பக்க அங்கவடியில் முழு எடையையும் கொடுத்துச் சாய வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி புஸ்ஸென்று பிரேக் காற்றை விட்டால் குதிரை பக்கவாட்டில் துள்ளும். அவர் தரையில் கிடப்பார். ஆகவே தரையிலிருந்து சுமார் ஆறு அடியில் இன்னொரு பட்டன் வேண்டும். அந்தக் கம்பமும் சாலை விளிம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது குதிரையின் மூக்கு சாலைக்குள் இருக்கக் கூடாது. பிரிட்டனில் இப்படி அமைந்த கிராசிங்குக்குப் பெகாசஸ் என்று பெயர். அங்கே சிவப்பு, பச்சை விளக்கிலேயே குதிரையும் சவாரி செய்பவரும் உருவமாக ஒளிர்வார்கள். தென் கரோலினாவின் ஏக்கன் நகரத்திலும் உயரப் பட்டன் உண்டு.

அடுத்தது தரை. இரும்பு லாடம் வழவழப்பான தார்ச்சாலையில் வழுக்கும். தடித்த வெள்ளைப் பூச்சின்மேல், அதிலும் மழை ஈரத்தில், இன்னும் மோசம். வரிக்குதிரைப் பட்டைகளைப் பழக்கமில்லாத குதிரை பள்ளம் என்று நினைத்துக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி, மூக்கால் சீறி, சாலை நடுவில் அப்படியே நின்றுவிடும், இல்லையென்றால் பட்டையைத் தாண்டிக் குதிக்கும். எனவே குதிரை நடக்கும் அகலத்தில் சொரசொரப்பான மேற்பரப்பும், கடக்கும் பகுதியின் இரு விளிம்பில் மட்டும் கோடும் கேட்போம்.

நாலு லேன் சாலை என்றால் நடுவில் ஒதுங்கிடம் தேவைப்படலாம். எட்டு அடி விலங்கு ஆறு அடி ஒதுங்கிடத்தில் நின்றால் ஏதாவது ஒரு முனை வண்டிப்பாதையில்தான் இருக்கும். பத்து அடிக்குக் குறைந்தால் ஒதுங்கிடமே வேண்டாம். ஒரே பச்சையில் முழுச் சாலையையும் கடக்க நேரம் கேட்பது மேல்.

எவ்வளவு ஆகும்?

பாதசாரி வசதிகளுக்கு ஆகும் செலவைத் திரட்டிய ஓர் அமெரிக்கத் தொகுப்பு 2013-ல் வந்தது. அதன் சராசரிகள் இன்றும் ஒப்பிட உதவும். இன்றைய விலை கூடுதலாகவே இருக்கும். சாலைப் பலகை ஒன்று சுமார் 300 டாலர். சாதாரணக் கோட்டு கிராசிங் 770. தூரத்திலேயே பளிச்சென்று தெரியும் வகை 2,500 சொச்சம். பட்டனை அழுத்தினால் பளிச்சிடும் மஞ்சள் விளக்குத் தொகுதி 22,000-க்கு மேல். வண்டிகளைச் சிவப்பு விளக்கால் நிறுத்தும் ஹாக் சிக்னல் 57,000-க்கு மேல்.

புதர் வெட்டுவதற்கு நகரப் பராமரிப்புக் குழுவின் ஒரு நாள் போதும். ஏற்கெனவே சிக்னல் இருக்கும் இடத்தில் உயரப் பட்டன் சேர்ப்பதும் புது சிக்னல் போடுவதைவிடப் பல மடங்கு மலிவு. எனவே மனுவை மூன்று அடுக்காகப் பிரிப்போம்: இந்த மாதமே செய்யக்கூடியது, அடுத்த பட்ஜெட்டில் சேர்க்க வேண்டியது, மானியம் தேடவேண்டியது. முதல் அடுக்கை முடித்துக் கொடுத்த அதிகாரிக்கு நம்மேல் நம்பிக்கை வரும். மற்ற இரண்டும் அந்த நம்பிக்கையில்தான் நகரும்.

மானியத்துக்கு ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் என்ற கூட்டாட்சித் திட்டம் உண்டு, 1991-ல் உருவானது. குதிரைத் தடங்களும் அதற்குத் தகுதி பெறும். நம் ஊரும் ஒரு பங்கு போட வேண்டியிருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அதே இடத்தில் கடக்கிறார்கள் என்றால் அதை மனுவில் முன்னால் எழுதுங்கள். வேறு சில மானியங்களின் கதவும் திறக்கும்.

யாரிடம், எப்போது?

முதலில் பொறியாளரை நேரில் பாருங்கள். கிராசிங்குக்கே அழைத்துப்போய் ஓரத்தில் குதிரையோடு நிற்க வைப்பது பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம். அதன்பிறகு போக்குவரத்து அல்லது தடங்களுக்கான ஆலோசனைக் குழு. கடைசியாக நகர மன்றம்.

கலிபோர்னியாவில் 1953-ன் பிரவுன் சட்டப்படி நகர மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் பொதுவாக முடிவெடுக்க முடியாது. அதனால் முதல் கூட்டத்தில் நம் கோரிக்கை ஒன்றே: அடுத்த கூட்டத்தின் நிரலில் இதைச் சேருங்கள். குதிரை வைத்திருப்பவர்களோடு, வைத்திருக்காத ஓர் அண்டைவீட்டுக்காரரும் எழுந்து பேசினால் எடை கூடும்.

நகரங்களின் நிதியாண்டு பெரும்பாலும் ஜூலை 1-ல் தொடங்குகிறது. பட்ஜெட்டில் இடம் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். மே மாதம் கேட்டால் ஒரு வருடம் தள்ளிவிடும்.

உஷார்

நாமே பலகை செய்து சாலையோரம் நடக்கூடாது. அதிகாரபூர்வப் பலகையைப் போலத் தோன்றும் எதையும் சாலையில் வைப்பதைக் கலிபோர்னிய வாகனச் சட்டம் தடை செய்கிறது. விபத்து நடந்தால் பழி நம்மேல் விழும். பணம் நாம் திரட்டினாலும் நடுவது நகரமாகவே இருக்கட்டும்.

வேக ஆய்வு கேட்கும் முன் யோசியுங்கள். கலிபோர்னியாவில் வேக வரம்பு, நூறில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்ற கணக்கை ஒட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. எல்லோரும் வேகமாகப் போகும் சாலையில் ஆய்வு நடத்தினால் வரம்பு உயரவும் கூடும். 2021-ல் வந்த சட்டத் திருத்தம் ஊர்களுக்குக் கொஞ்சம் தளர்வு தந்திருக்கிறது. முன்பு ஆய்வு நடந்ததா, எப்போது என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

பளிச்சிடும் விளக்கு வந்தால், குதிரைகளை அதற்குப் பழக்க வேண்டும். போக்குவரத்து இல்லாத காலையில், அனுபவமுள்ள குதிரையை முன்னால் விட்டு இளசுகளைப் பின்னால் கூட்டிப்போங்கள்.

பலகை வந்த பிறகு

ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில் நின்று மறுபடி எண்ணி, முடிவை நகர மன்றத்துக்கு அனுப்புவோம். இரவில் கார் விளக்கில் பலகை பிரதிபலிக்கிறதா என்று வருடம் ஒருமுறை பார்ப்போம். புதர் மறுபடி வளரும். வசந்தம் முடியும்போது பராமரிப்புக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல்.

ஓட்டுநர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குதிரையை நெருங்கும் வண்டி வேகம் குறைக்கவோ நிற்கவோ வேண்டும் என்று கலிபோர்னிய வாகனச் சட்டத்தின் 21759-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பல ஓட்டுநர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பிரிட்டனில் 2022-ல் திருத்திய சாலை விதிகள் அளவையும் சொல்கின்றன: மணிக்கு 10 மைலுக்கு மேல் வேண்டாம், குறைந்தது 2 மீட்டர் விலகிப் போங்கள். இந்த இரண்டு வரியை ஊர்ச் செய்திமடலிலும் தீவனக் கடை அறிவிப்புப் பலகையிலும் போடுங்கள். நின்று வழிவிடும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கையை உயர்த்தி நன்றி சொல்லுங்கள். அடுத்த முறையும் நிற்பார்.

வரும் சனிக்கிழமை காலை வரைபடத்தோடும் ஒரு நோட்டோடும் கிளம்புங்கள். பக்கத்து லாயத்துக்காரர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.