பழந்தேநீர்க் கலங்கள்

மட்கலம் எளிதில் உடைவது. உடைந்ததைக் குப்பையில் எறிவதே உலக வழக்கம். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டுக் குயவர்கள் வனைந்த தேநீர்க் கலங்கள் பல இன்றும் அழியாமல் உள்ளன. அவற்றைத் தேடித் தொகுத்துப் போற்றியோர் இருந்தமையே அதற்குக் காரணம்.

அவர்களுள் தலைசிறந்தவர் சார்லட் ஷ்ரைபர் அம்மையார் (1812–1895). வேல்சு மொழிப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், முதற் கணவர் இறந்தபின் பெரியதோர் இரும்பாலையை நடத்தியவரும் இவரே. ஐம்பது வயதைக் கடந்த பின்னரே இவர் உள்ளம் பீங்கானில் ஈடுபட்டது. இரண்டாம் கணவருடன் ஐரோப்பிய நகரங்கள்தோறும் சென்று, பழம்பொருட் கடைகளில் துருவித் தேடினார். வாங்கியவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1884-இல் கணவர் மறையவே, அவர் நினைவாக ஏறத்தாழ 1800 பொருள்களை இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வழங்கினார். அதுவே இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்.

இத்தகைய கலங்களை எவ்வாறு நோக்குவது? முதலில் அளவைக் காண்க. பழைய தேநீர்க் கெண்டிகள் மிகச் சிறியன. தேயிலை அந்நாளில் அத்துணை விலையுடையது. அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டி வைத்தனர். 1784-இல் தேயிலை வரி நூற்றுக்கு 119-லிருந்து 12½ ஆகக் குறைந்தது. பின்னர்த் தேநீர் எளியோர் இல்லத்திலும் புகுந்தது, கெண்டியும் பருக்கலாயிற்று.

அடுத்து ஓவியத்தைக் காண்க. தொடக்கத்தில் அதனைத் தூரிகையால் எழுதினர். பின்னர், செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து, அத்தாளைக் கலத்தின்மேல் அழுத்திப் பதிக்கும் முறை தோன்றியது. 1756-இல் லிவர்ப்பூல் நகரத்துச் சாட்லர், கிரீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்தில் 1200-க்கு மேற்பட்ட சுவரோடுகளில் படம் பதித்ததாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தனர். புகழ்பெற்ற வெட்ஜ்வுட் தம் கலங்களை இவர்களிடம் அனுப்பியே படம் பதிப்பித்தார். தாளின் ஓரங்கள் கூடும் இடத்தில் கோலம் சிறிது பிசகியிருப்பதைக் கூர்ந்த கண் கண்டுகொள்ளும்.

கெண்டி அரசியலும் பேசும். அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது 1765-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரை வரி விதித்தது. எதிர்ப்பு மூளவே, மறு ஆண்டே அதனை நீக்கியது. உடனே ஆங்கிலக் குயவர்கள், ‘முத்திரைச் சட்டம் வேண்டா’ என ஒருபுறமும், ‘அமெரிக்கா: உரிமை மீண்டது’ என மறுபுறமும் எழுதிய கெண்டிகளைச் செய்து விற்கலாயினர். தம் பாராளுமன்றம் பணிந்ததைத் தாமே கொண்டாடினர், வாணிகம் அத்தகையது! அவ்வகைக் கெண்டியொன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொகுக்கப் புகுவோர் பெரும்பாலும் பழுதற்றதையே நாடுவர். அதனால், விரிசலை வண்ணம் பூசி மறைத்து விற்போரும் உளர். முற்காலத்தில் உடைந்த துண்டுகளைத் துளையிட்டு, உலோகக் கொக்கிகளால் வெளிப்படையாகவே பிணைத்தனர். அத்தகைய கெண்டியைக் குறைவிலைக்குத் தள்ளிவிடும் வணிகருடன் எனக்கு உடன்பாடில்லை. அதனை உடைத்தவர் யார், எறிய மனமின்றிப் பிணைக்கக் கொடுத்தவர் யார் என்பது கெண்டியில் எழுதப்படவில்லை. கொக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.