எண்ணிட்ட மாறிலிகள்

பெங்களூரு நகரத்து மெட்ரோ ரயில் தடங்கள் வண்ணப் பெயர்களால் வழங்கப்படுகின்றன. 2011-ஆம் ஆண்டில் ஊதாத் தடத்திலும், 2014-இல் பச்சைத் தடத்திலும், 2025-இல் மஞ்சள் தடத்திலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. பயணச்சீட்டுக் கணக்கிற்கெனக் கணிப்பொறி நிரல் ஒன்றை எழுதப் புகும் மாணவர் இத்தடங்களை எவ்வாறு குறிப்பார்?

0, 1, 2 என எண்களாற் குறிப்பது பழைய முறை. தடத்தின் எண்ணை இட வேண்டிய இடத்தில் பயணியின் வயதைத் தவறி இட்டாலும் நிரல் மறுப்புக் கூறாது. எண் என்ற அளவில் எல்லாம் ஒன்றே.

2004-இல் வெளிவந்த ஜாவா மொழியின் ஐந்தாம் பதிப்பு, எண்ணிட்ட மாறிலிகளை ‘ஈநம்’ என்னும் பெயரால் மொழியின் உறுப்பாக்கிற்று. இதில் ‘தடம்’ என்பது ஓர் இனக்குழு; ஊதா, பச்சை, மஞ்சள் என்பன அதன் பொருள்கள். ஒவ்வொன்றும் ஒரே முறை ஆக்கப்படுகிறது; நிரல் ஓடுகையில் நான்காவதொன்றை ஆக்க வழியில்லை. தடத்தை வேண்டும் இடத்தில் எண்ணை இட்டால், நிரல் ஓடுமுன்னரே தொகுப்பி தடுத்துவிடும். (ஒன்றுமின்மையைக் குறிக்கும் ‘நல்’ மட்டும் இக்காவலைக் கடந்து புகுந்துவிடும்.)

சி மொழியிலும் இப்பெயருடைய அமைப்பு உண்டு. ஆயின் அங்கு அது முழு எண்ணுக்கு இட்ட பெயரேயாகும். ஜாவாவின் மாறிலியோ தன்னுள் செய்தியையும் செயலையும் தாங்க வல்லது. பச்சைத் தடத்தைக் கேட்டால், ஊதாவுக்கு மாற மெஜஸ்டிக் நிலையம், மஞ்சளுக்கு மாற ராஷ்ட்ரீய வித்யாலயா சாலை நிலையம் என அதுவே விடை தருமாறு எழுதலாம்.

மாணவர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. எழுதப்பட்ட முறைப்படி ஒவ்வொரு மாறிலிக்கும் 0 முதலாக ஒரு வரிசை எண் அமைகிறது. ஊதாவுக்கு 0, பச்சைக்கு 1, மஞ்சளுக்கு 2. சிலர் இவ்வெண்ணையே கோப்பில் பதிந்து வைப்பர். பின்னர் இளஞ்சிவப்புத் தடத்தைச் சேர்க்க நேர்கிறது. அகரவரிசை பிறழாதிருக்க அதனை முதலில் எழுதினால், மற்றவை யாவும் ஓரிடம் தள்ளிப் போகின்றன. ஊதாத் தடத்திற் சென்றோரின் பழைய பதிவுகள் அனைத்தும் அன்றுமுதல் இளஞ்சிவப்புத் தடத்தின் கணக்கில் ஏறும். தொகுப்பி எச்சரிப்பதில்லை; நிரல் நிற்பதுமில்லை; கணக்கு மட்டும் பிழைபடும்.

கோப்பில் மாறிலியின் பெயரைப் பதிவது இதனினும் மேலானது; எனினும் பெயரைப் பின்னர் மாற்றினால் அதுவும் பயன்படாது. ஒவ்வொரு மாறிலிக்குள்ளும் என்றும் மாறாத குறியீடு ஒன்றை நிரலாசிரியரே எழுதிவைத்து, அதனையே பதிவதுதான் பாதுகாப்பான முறை. அப்போது புதிய தடத்தை எவ்விடத்தில் எழுதினாலும் பழைய பதிவுகள் பொருள் மாறா.