சக்கரம் நேரா நிக்குதா? வீல் அலைன்மெண்ட் பற்றித் தெரிந்து கொள்வோம்



கறவை மாடு, தையல் மிஷின் என்று ஆரம்பித்த நம் குழுக் கடன், இன்று சில குடும்பங்களில் கார் வரைக்கும் வந்திருக்கிறது. பெரும்பாலும் ஆல்ட்டோ மாதிரி சின்ன கார்தான், அதுவும் செகண்ட் ஹேண்ட். மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், தீவனக் கணக்கு எழுதுகிறோம். கார் என்றால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கி விடுகிறோம். ஆனால் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? நாம்தானே!

காருக்கு ஆகும் செலவில் டயர் பெரிய செலவு. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓட வேண்டிய டயர் இப்போதே தேய்ந்து போனால், அந்த மாதத் தவணைதான் நிற்கும். அதைத் தடுக்கிற வழிகளில் ஒன்று வீல் அலைன்மெண்ட்.

வீல் அலைன்மெண்ட் என்றால் என்ன?

நாலு சக்கரமும் சரியான திசையில், சரியான சாய்வில் நிற்கிறதா என்று அளந்து, கோணல் இருந்தால் சரி செய்வதுதான் வீல் அலைன்மெண்ட். இதில் மூன்று அளவுகள் உண்டு.

1. டோ: சிலர் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி நடப்பார்கள், சிலர் வெளிப்பக்கமாகத் திருப்பி நடப்பார்கள். சக்கரமும் அப்படித் திரும்பி நிற்கும். ரெண்டு மாடும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வண்டி என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு சக்கரம் அரை டிகிரி மட்டும் திரும்பி இருக்கிறது. ஆல்ட்டோ 800-ன் 12 அங்குலச் சக்கரத்தில் இது 5 மில்லி மீட்டர் கூட வராது. ஓர் அரிசி நீளம்தான். கண்ணுக்கே தெரியாது. ஆனால் 1 கிலோ மீட்டர் ஓடினால் அந்த டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. 100 கிலோ மீட்டர் ஓடினால் முக்கால் கிலோ மீட்டருக்கும் மேல்! உருள வேண்டிய டயர் தரையில் உரசினால் தேயாமல் என்ன செய்யும்? பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

2. கேம்பர்: காருக்கு முன்னால் நின்று பார்த்தால், சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். நம் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். சாய்வு அதிகமானால் டயரும் அப்படித்தான் தேயும்.

3. கேஸ்டர்: சைக்கிளின் முன் ஃபோர்க் நேர் செங்குத்தாக இருக்காது, சற்றுச் சாய்ந்திருக்கும். கார் சக்கரத்துக்கும் இப்படி ஒரு சாய்வு உண்டு. திருப்பத்தில் ஒடித்த ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனால் டயர் தேய்வது குறைவு.

சின்ன காரில் எதைச் சரி செய்ய முடியும்?

பெரும்பாலான சின்ன கார்களில் திருகிச் சரி செய்ய முடிவது முன் சக்கரங்களின் டோ மட்டுமே. டை ராட் என்கிற கம்பியைத் திருகி அதைச் சரி செய்வார்கள். கேம்பர், கேஸ்டர், பின் சக்கர அளவுகள் எல்லாம் கம்பெனியிலேயே அமைந்து வருபவை. அவை மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது புஷ், பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எனவே "கேம்பர் அவுட் ஆயிடுச்சு, தனி காசு ஆகும்" என்று சொன்னால், "எந்தப் பாகம் கெட்டிருக்கு? காட்டுங்க" என்று கேளுங்கள். வளைந்த பாகத்தை விட்டுவிட்டு மற்றதைத் தட்டி நிமிர்த்துவது வைத்தியம் இல்லை.

டயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

வண்டி நிற்கும்போது, சூடு ஆறிய பிறகு, கம்பி குத்தாமல் பார்த்துக்கொண்டு டயரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ சரியில்லை.

• ஒரு ஓரம் மட்டும் தேய்வு: டோ அல்லது கேம்பர் கோளாறு.
• இரண்டு ஓரமும் தேய்வு: காற்று குறைவு.
• நடுவில் மட்டும் தேய்வு: காற்று அதிகம்.
• நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்பது: அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.
• வேகமாகப் போகும்போது மட்டும் ஸ்டியரிங் உதறல்: பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அலைன்மெண்ட் வேறு, பேலன்சிங் வேறு. பேலன்சிங் என்பது சக்கரத்தைக் கழற்றிச் சுற்ற விட்டு, எடை சமமாக இல்லாத இடத்தில் சின்ன எடைக்கட்டி வைப்பது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம்.

இன்னொன்று. நம் ரோடுகள் மழைத் தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். நாம் இடது பக்கம் போவதால் வண்டி லேசாக இடது பக்கம் சாய்வது இயல்பு. சமதளத்திலும் ஒரே பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் அலைன்மெண்ட், பிரேக் இரண்டையும் காட்டுங்கள்.

எப்போது பார்க்க வேண்டும்?

பொதுவாக 10,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை, அல்லது வருஷம் ஒரு முறை. பெரிய பள்ளத்தில் இறங்கினாலோ, புது டயர் போட்டாலோ, சஸ்பென்ஷன் வேலை செய்தாலோ உடனே பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. முதலில் நாலு டயரிலும் காற்று சரி பார்த்தீங்களா?
2. பால் ஜாயிண்ட், டை ராட் எண்டு ஆடுதா? (ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே அலைன்மெண்ட். இல்லாவிட்டால் காசு வீண்.)
3. சரி செய்யறதுக்கு முன்னாடி இருந்த அளவு, பின்னாடி வந்த அளவு, கம்பெனி அளவு மூணும் போட்ட கம்ப்யூட்டர் பிரிண்ட் கொடுங்க.

அந்தப் பிரிண்ட்டைத் தேதி, கிலோ மீட்டர் குறித்து, கடன் பாஸ் புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை டயர் சீக்கிரம் தேய்ந்தால் பேசுவதற்கு நம் கையில் ஆதாரம் இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் வண்டிக் கடன் வாங்கியவர்கள் டயர் செலவைக் கணக்கில் எழுதுகிறார்களா?
• கார் கடன் கொடுக்கும் முன் வண்டியை யார் பார்ப்பது? டயரைத் தடவிப் பார்க்க நம்மில் இரண்டு பேர் பழகிக் கொள்ளலாமா?

ஓட்டுவது வீட்டுக்காரரோ, மகனோ, நாமோ, யாராக இருந்தாலும் கடன் நம் பெயரில் இருக்கிறது. சகோதரிகளே, மாட்டைத் தடவிப் பார்த்து வாங்கத் தெரிந்த கைக்கு டயரைத் தடவிப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை!